மூளை மேல பழி போடாதே, மருமகனே

மருமகனே, நீ ராத்திரி அனுப்புன வாட்ஸப்பைப் படிச்சேன். ஆம்பள மூளை பெட்டி பெட்டியா இருக்குதாம். ஒரு நேரத்துல ஒரு பெட்டியைத்தான் திறக்க முடியுமாம். பொம்பள மூளையில ஒயரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குதாம். அதனால அடுப்புல பாலு, இடுப்புல புள்ள, காதுல போனுன்னு ஒரே நேரத்துல மூணு வேலை பாக்குறது அவங்களுக்குப் பிறவி வரமாம். கடைசியில கையெடுத்துக் கும்பிடுற பொம்மை வேற. இதை நீ எதுக்கு எனக்கு அனுப்புனேன்னு தெரியாதா? உன் பொண்டாட்டி ஒத்தையில அல்லாடுறாளே, நீ ஒரு கை கொடுக்கக் கூடாதாடான்னு உன் வீட்டுல வச்சே கேட்டேன். வாயைத் திறக்காம இருந்துட்டு, இப்ப விஞ்ஞானத்தைப் பதிலுக்கு அனுப்பியிருக்க. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். என் மருமகனுக்கு மண்டையே கோணலாப் போச்சு.

நான் காலம் பூரா மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன். என் படிப்பெல்லாம் வால் பக்கம்தான். தலைப்பக்கம் என்ன நடக்குதுங்கிறதை ரிட்டையர் ஆன பிறகு உக்காந்து படிச்சேன். திண்ணை இருக்கு, கண்ணாடி இருக்கு, வேற என்ன வேலை? ஆம்பள மூளைக்கும் பொம்பள மூளைக்கும் வித்தியாசம் உண்டான்னு கேட்டா, உண்டு. அடியோட இல்லைன்னு சாதிக்கிறவங்க கட்சியில நான் சேரமாட்டேன். ஆனா அந்த வித்தியாசம் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, நீ அதைச் சாட்சிக்குக் கூப்பிடவே மாட்ட. கூண்டுல ஏறுனா அது உனக்கு எதிராத்தான் பேசும்.

உனக்கு முன்னாடியே ஒரு பெரிய மனுசன் மூளையைச் சாட்சிக்கு இழுத்திருக்கார். ஜெர்மனியில, ம்யூனிக்ல, தியோடர் பிஷோஃப்னு ஒரு பேராசிரியர். பொம்பளைங்க டாக்டர் படிப்புக்கு லாயக்கில்லைன்னு 1872-ல எழுதி அச்சுப்போட்டவர். 900-க்கும் மேல மூளைகளைத் தராசுல ஏத்தி, ஆம்பளைக்குச் சராசரி 1362 கிராம், பொம்பளைக்கு 1219 கிராம்னு கணக்கெழுதினார். நம்ம சரக்குத்தான் கனம்னு ஊர் ஆம்பளைங்கல்லாம் மீசையை முறுக்கியிருப்பாங்க. 1882-ல அவர் போய்ச் சேர்ந்தார். அவர் மூளையையும் எடுத்து எடை போட்டாங்க. 1245 கிராம். அவரே போட்ட ஆம்பளைக் கணக்குக்கு 100 கிராமுக்கும் மேல குறைச்சல். 1921-ல நோபல் பரிசு வாங்கின பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்ஸ் மூளை இன்னும் மோசம், 1017 கிராம்தான். ஆம்பள மூளை சராசரியா 10, 11 சதவீதம் பெருசுங்கிறது நிஜம். உடம்பு பெருசா இருக்கிறது அதுக்கு ஒரு முக்கியமான காரணம். உள்ள புத்தி எவ்வளவுன்னு எந்தத் தராசும் சொன்னதில்லை.

சரி, ஆரம்பத்துல இருந்து வா. கரு உண்டாகி ஆறு வாரம் வரைக்கும் உறுப்பைப் பாத்து ஆணு, பொண்ணுன்னு சொல்ல முடியாது. ரெண்டுக்கும் வேண்டிய குழாய்கள் ரெண்டு பேருக்கும் இருக்கும். அப்பாகிட்ட இருந்து ஒய் குரோமோசோம் வந்திருந்தா, அதுல எஸ்ஆர்ஒய்னு ஒரு மரபணு முழிச்சுக்கிட்டு, 'இது விதைப்பையாகட்டும்'னு உத்தரவு போடும். 1990-ல லண்டன்ல இதைக் கண்டுபிடிச்சாங்க. மறு வருஷமே அந்த மரபணுவை மட்டும் பொட்டைச் சுண்டெலிக் கருவுல ஏத்திப் பாத்தாங்க. பொறந்தது கடுவன். அந்த ஒத்தை உத்தரவோட எஸ்ஆர்ஒய்யோட பெரிய வேலை முடிஞ்சுது. மத்ததுல பெரும்பகுதியை விதைப்பையில ஊறுற டெஸ்டோஸ்டிரோன் பாத்துக்கும். எட்டு வாரம் வாக்குல அது ஊற ஆரம்பிக்குது. ரத்தத்தோட ரத்தமா மூளைக்கும் போகுது.

ரத்தத்தோட போறதுன்னா என்னன்னு நான் மாட்டுக்கிட்ட பாத்திருக்கேன். தளதளன்னு வளர்ந்த கிடாரி, வயசாகியும் காளைக்குக் கத்தலைன்னு பிடிச்சுக்கிட்டு வருவாங்க. கண்ணு பட்டுருச்சுங்கம்பான் மாட்டுக்காரன். மலைக்குப் போய் மந்திரிச்சிட்டும் வந்திருப்பான். நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: "இது கூடப் பொறந்தது என்ன?" காளைக்கன்னுங்க, வித்துட்டோமுங்கம்பான். அதோட எனக்கு விஷயம் தெரிஞ்சு போகும். இதைக் கன்னா இருக்கும்போதே பாக்கலாம். முனை மழுங்கின சோதனைக் குழாயை எண்ணெய் தடவி மெதுவா விட்டா, நல்ல கன்னுக்குப் போற ஆழத்துல மூணுல ஒரு பங்குதான் போகும், அதுக்கப்புறம் முட்டும். உள்ள கர்ப்பப்பை சரியா உருவாகியிருக்காது. காளையோட இரட்டையாப் பொறந்த கிடாரியில பத்துக்கு ஒம்பதுக்கு மேல மலடுதான். சிலது மத்த மாடு மேல காளை மாதிரி ஏறவும் செய்யும். வயித்துக்குள்ள ரெண்டு கன்னோட நஞ்சுக்கொடி ரத்தக்குழாயும் ஒண்ணு சேர்ந்து, அண்ணன்காரன் ரத்தம் தங்கச்சி உடம்புல ஓடியிருக்கும். சிகாகோவுல ஃப்ராங்க் லில்லிங்கிறவர் 1917-ல இதை விளக்கமா எழுதினார். மாட்டுக்காரனுக்கு நான் இதைச் சொன்னா, "அப்ப கண்ணு படலைங்களா?"ன்னு ஏமாந்து போவான். நீ பயந்துக்காதே, மனுசருல ஆணும் பொண்ணுமாப் பொறக்குற இரட்டைப் புள்ளைகளுக்கு ரத்தக்குழாய் அப்படி ஒண்ணு சேர்றது அபூர்வம். உன் தங்கச்சி உன்னோட இரட்டையாப் பொறந்தும் ரெண்டு புள்ளை பெத்துட்டா.

உடம்பு சரி, புத்தி? 1959-ல அமெரிக்காவுல கான்சாஸ் பல்கலைக்கழகத்துல நாலு பேர், ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங், சினையா இருந்த கினிப்பன்னிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டாங்க. பொறந்த பொட்டைக்குட்டிங்க வளர்ந்த பிறகு, பொட்டையா நடந்துக்கிறது குறைஞ்சு, கடுவன் மாதிரி மத்தது மேல ஏற ஆரம்பிச்சுது. இதே ஊசியை வளர்ந்த பொட்டைக்குப் போட்டா அந்த மாத்தம் நிலைக்காது. அதாவது, வயித்துல இருக்கும்போது ஒரு தடவை அச்சு விழுது. பருவம் வந்ததும் அதே ஹார்மோன் வந்து அந்த அச்சை ஓட வைக்குது. இன்னைக்கு வரைக்கும் இந்தத் துறை நிக்குற அஸ்திவாரம் இந்த ஆராய்ச்சிதான்.

அச்சு விழுற இடத்தையும் கண்டுபிடிச்சாங்க. 1978-ல கலிஃபோர்னியாவுல ராஜர் கார்ஸ்கியோட ஆளுங்க எலி மூளையைச் சீவி, சாயம் போட்டுப் பாத்தப்ப, ஹைப்போதலாமஸ்ங்கிற இடத்தோட முன்பக்கம் ஒரு புள்ளி. கடுவனுக்கு அது பொட்டையை விடப் பல மடங்கு பெருசு, பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியுது. பொறந்த உடனே கடுவன் குட்டிக்கு விதை அடிச்சா புள்ளி சிறுத்துடுது, பொட்டைக்குட்டிக்கு ஹார்மோன் கொடுத்தா பெருத்துடுது. ஹார்மோன் இல்லாத இடத்துல அந்தச் செல்லுங்க செத்துப் போகுது, இருக்கிற இடத்துல பிழைச்சுக்குது.

இனிமேதான் மருமகனே வேடிக்கை, காதைக் கொடு. எலி மூளைக்குள்ள போற டெஸ்டோஸ்டிரோன் அப்படியே வேலை பாக்குறதில்லை. அரோமட்டேஸ்னு ஒரு நொதி அங்க காத்திருந்து, அதைப் பிடிச்சு எஸ்ட்ராடையாலா மாத்திப்புடுது. அது யாரு? நாம 'பொம்பள ஹார்மோன்'னு பேர் வச்சிருக்கோமே ஈஸ்ட்ரோஜன், அந்த வகையறாவுல தலைமையானது. கடுவன் எலிக்குக் கடுவன் மூளையைக் கொடுக்குறதே பொம்பள ஹார்மோன்தான்! அப்ப அம்மா உடம்புல ஓடுற ஈஸ்ட்ரோஜன் வயித்துல இருக்கிற பொட்டைக்குட்டியையும் கடுவனாக்கிடாதான்னு நீ கேக்கணும். நீ கேக்கமாட்ட, நானே சொல்றேன். குட்டியோட ஈரல் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்னு ஒண்ணைச் சுரந்து, அந்த ஈஸ்ட்ரோஜனை ரத்தத்துலயே கட்டிப்போட்டு வைக்குது. டெஸ்டோஸ்டிரோனை மட்டும் அது கட்டுறதில்லை. அதனால டெஸ்டோஸ்டிரோன் வேசத்துல வர்ற ஹார்மோன் காவலைத் தாண்டி மூளைக்குள்ள போய் வேசத்தைக் கலைச்சுடுது. அந்தப் புரதமே இல்லாத சுண்டெலியை உண்டாக்கிப் பாத்தாங்க. அதோட பொட்டைக்குட்டிங்க பொட்டையா நடந்துக்கவே இல்லைன்னு 2006-ல எழுதினாங்க.

எஸ்ட்ராடையால் உள்ள போய் என்ன பண்ணுதுங்கிறது அதைவிட விசேஷம். பால்டிமோர்ல, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல மார்கரெட் மெக்கார்த்தின்னு ஒரு அம்மா வருஷக்கணக்கா இதையே தோண்டிக்கிட்டிருந்தாங்க. அந்தப் புள்ளி இருக்கிற பக்கத்துல எஸ்ட்ராடையால் கிளப்பி விடுறது எதைத் தெரியுமா? புராஸ்டாகிளாண்டின். நமக்குக் காய்ச்சல் வந்தா, வலி வந்தா உடம்புல கிளம்புமே, அதே சரக்கு. பொட்டைக்குட்டி மூளையில அதை மட்டும் வச்சாலே வளர்ந்து கடுவன் மாதிரி நடக்குது. சினை எலிக்கு ஆஸ்பிரின் கொடுத்து அதைத் தடுத்தா, பொறக்குற கடுவனுக்கு வளர்ந்த பிறகு பொட்டை மேல நாட்டம் குறையுது. இது 2004-ல வந்த சேதி. 2013-ல இன்னொண்ணு சொன்னாங்க: இந்த வேலையில நரம்புச் செல் மட்டும் இல்லை, மூளையில குப்பை அள்ளுற, நோயை விரட்டுற மைக்ரோகிளியா செல்லும் கூட்டு. அதை மருந்து கொடுத்து அடக்கி வச்சா கடுவன் மூளை சரியா உருவாகிறதில்லை. எலிக்கதையை வச்சுக்கிட்டு, கர்ப்பிணிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினைத் தூக்கி எறிஞ்சிடாதே, அது வேற காரணத்துக்காகக் கொடுக்குறது.

இன்னொரு கர்வத்தையும் இறக்கி வச்சிடு. பொண்ணுங்கிறது சும்மா விட்டா தானா ஆகுறது, ஆணுங்கிறதுதான் பாடுபட்டுச் செஞ்சதுன்னு ரொம்ப நாளாப் பேசிக்கிட்டிருந்தாங்க. 2015-ல அதே மெக்கார்த்தி கூட்டம் பாத்தப்ப, பொட்டை எலி மூளையில ஆண்தனத்துக்கான மரபணுக்களை மெத்தில்ங்கிற பூட்டுப் போட்டு, பூட்டு கழலாமப் பாத்துக்கிட்டே இருக்குது. பூட்டுப் போடுற நொதியை மருந்தால தடுத்ததும், அச்சு விழுற காலக்கெடு முடிஞ்ச பிறகும் அந்தப் பொட்டை எலிங்க ஆண் பக்கம் சாய்ஞ்சுதுங்க. பொண்ணா இருக்கிறதுக்கும் மூளை வேலை பாக்கத்தான் வேண்டியிருக்கு. உங்க வீட்டுல பொம்பளைங்க பாக்குற வேலை ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி, இதுவும் ஆராய்ச்சிக்காரங்க கண்ணுக்கு இத்தனை வருஷம் தெரியலை.

சரி, எல்லாம் ரத்தத்துலயும் மரபணுவுலயும்தான் இருக்கு, வளர்ப்புக்கு இதுல பங்கில்லைன்னு நினைச்சிடாதே. தாய் எலி குட்டிகளை நக்கும், உனக்குத் தெரியும். கடுவன் குட்டியோட மூத்திரத்துல ஒரு வாசம். அந்த வாசத்துக்கு மயங்கி, பொட்டைக்குட்டியை விடக் கடுவன் குட்டியோட பின்பக்கத்தை அதிகமா நக்கும். மாசசூசெட்ஸ்ல சீலியா மூர்ங்கிற அம்மா 1980-களிலே இதை உக்காந்து கவனிச்சாங்க. தாயோட மூக்கை அடைச்சாங்க, நக்குறது குறைஞ்சுது. அப்படி வளர்ந்த கடுவன்களுக்குப் புணர்ச்சி வேலையில மந்தம். முதுகுத்தண்டுல அந்த வேலைக்குன்னு இருக்கிற நரம்புச் செல்லும் எண்ணிக்கையில குறைச்சல். அப்ப அந்தக் கடுவனோட ஆண்தனத்துல எவ்வளவு அவனோட ஹார்மோன், எவ்வளவு ஆத்தாளோட நாக்கு? பிரிச்சுச் சொல்லு பாப்போம். ஹார்மோன்தான் வாசத்தைக் கொடுத்துது, வாசம்தான் நாக்கை இழுத்துது, நாக்குதான் நரம்பை வளர்த்துது. எங்க அக்கா, அதான் உன் ஆத்தா, உன்னை இடுப்பை விட்டு இறக்காம, உன் தங்கச்சியை மட்டும் விளக்குமாத்தை எடுக்கச் சொன்னதை நான் இங்க இழுக்கலை. நீயா யோசிச்சுக்க.

அதே சமயம் ஹார்மோனே எல்லாம்னும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவுல ஸீப்ரா ஃபிஞ்ச்னு ஒரு சிட்டு. சேவல்தான் பாடும், பெட்டை பாடாது. மூளையில பாட்டுக்குன்னு இருக்கிற இடம் சேவலுக்குப் பல மடங்கு பெருசுன்னு 1976-ல நாட்டபோமும் ஆர்னால்டும் காட்டினாங்க. முதுகெலும்புள்ள உயிர்ல ஆண் மூளை வேற, பெண் மூளை வேறன்னு கண்ணால காட்டின முதல் பெரிய சாட்சி அதுதான். அதே ஆர்னால்டோட கூட்டம் 2003-ல ஒரு அதிசயக் குருவியைப் பத்தி எழுதினாங்க. வலது பாதி சேவல், கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டோட. இடது பாதி பெட்டை. ரெண்டு பாதியிலயும் ஓடுறது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். ஆனா வலது பக்க மூளையில மட்டும் பாட்டு இடம் பெருசா இருந்துது. செல்லுக்குள்ள இருக்கிற குரோமோசோமே சொந்தமா ஏதோ பண்ணுதுங்கிறதுக்கு அது சாட்சி. இடது பக்கமும் சாதாரணப் பெட்டையை விடக் கொஞ்சம் பெருசுங்கிறதால, பக்கத்து வீட்டுக் காத்து இங்கயும் அடிச்சிருக்கு.

வளர்ந்த பிறகு மாறுறதும் உண்டு. நம்ம மன்னார் வளைகுடாவுலயே கோமாளி மீன் இருக்கு, கடல் தாமரைக்குள்ள குடும்பம் நடத்தும். பொண்டாட்டிதான் பெருசு, அவதான் அதிகாரம். அவ செத்துப் போனா, புருசன்காரன் கொஞ்சம் கொஞ்சமாப் பெண்ணா மாறிடுவான். அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல வளர்த்துப் பாத்து 2019-ல எழுதினாங்க: முதல்ல மாறுறது மூளை. உறுப்பு மாறுறது அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சுத்தான். அந்த மீனுக்கு யாரும் வாட்ஸப் அனுப்பாததால நிம்மதியா மாறிக்குது.

மனுசனுக்கு வருவோம். மனுசன் எலி இல்லை. எலிக்கு முக்கியமான அந்த ஈஸ்ட்ரோஜன் வழி நமக்கு அவ்வளவு முக்கியமில்லை. எக்ஸ்-ஒய் குரோமோசோமும் விதைப்பையும் இருந்தும், டெஸ்டோஸ்டிரோனை வாங்கிக்கிற ஏற்பி வேலை செய்யாதவங்க இருக்காங்க. அவங்க உடம்புல டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனா மாறத்தான் செய்யுது, ஆனாலும் பெரும்பாலும் பொண்ணாகவே வளர்ந்து பொண்ணாகவே வாழுறாங்க. டொமினிக்கன் குடியரசுல சாலினாஸ்ங்கிற கிராமத்துல நேர் எதிர்க் கதை. ஒரு நொதி குறைச்சலால, பொறக்கும்போது பொண்ணு மாதிரியே இருந்து, பருவத்துல ஆம்பளையா மாறுற பிள்ளைங்க. பொண்ணாவே வளர்த்த 18 பேர்ல 17 பேர் பெரியவங்களானதும் தங்களை ஆம்பளையாவே நினைச்சாங்கன்னு 1979-ல எழுதியிருக்காங்க. வளர்ப்புதான் எல்லாம்ங்கிறவங்க இந்த ஊர்ப்பக்கம் ஒரு தடவை போயிட்டு வரட்டும்.

அட்ரீனல் சுரப்பிக் கோளாறால வயித்துலயே ஆண் ஹார்மோன் அதிகமாப் பட்ட பொண்ணுங்க உண்டு. அவங்க மத்த பொண்ணுங்களை விட காரு, லாரின்னு அதிகமா விளையாடுறாங்கன்னு 1992-ல பெரன்பாமும் ஹைன்ஸும் காட்டினாங்க. பெரும்பாலானவங்க பொண்ணாத்தான் இருக்காங்க, விளையாட்டுல மட்டும் கொஞ்சம் சாய்வு. அதே ஹைன்ஸ் 2002-ல குரங்குகளுக்குப் பொம்மை போட்டுப் பாத்தாங்க. கடுவன் குரங்கு காரையும் பந்தையும் அதிக நேரம் வச்சிருந்துச்சு, பொட்டை பொம்மையையும் சட்டியையும். பொம்மை சரி மருமகனே, சட்டி எப்படி? எந்தக் குரங்கு உலை வச்சுது, எந்தக் குரங்கு தாளிச்சுது? அது சிவப்பா இருந்துதுன்னு எடுத்துச்சோ, பிடிக்க வாகா இருந்துதுன்னு எடுத்துச்சோ. சட்டின்னாலே பொம்பள சாமான்னு பேர் போட்டது மனுசன்தான். ஆராய்ச்சிக்குள்ளயும் உன் அடுப்படி எப்படி நுழையுது பாத்தியா?

உன் ஒயர் கதைக்கும் பூர்வீகம் இருக்கு. மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற நரம்புக்கட்டு பொம்பளைக்குப் பருமனா இருக்குன்னு 1982-ல ஒரு கட்டுரை வந்துது. மொத்தம் எத்தனை மூளை பாத்தாங்க? 14. ஒம்பது ஆம்பள, அஞ்சு பொம்பள. எங்க தெருவுல ஒரு சாவு வீட்டுக்கு வர்ற கூட்டம் அதைவிட ஜாஸ்தி. 1997-ல 49 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பாத்து, அப்படி ஒரு வித்தியாசம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அந்தச் சேதி மட்டும் இன்னும் உன் போனுக்கு வந்து சேரலை.

2015-ல டெல் அவிவ்ல டஃப்னா யோயலும் கூட்டாளிங்களும் 1400-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை அலசினாங்க. ஆணுங்ககிட்ட சராசரியா அதிகம் இருக்கிற அம்சம், பொண்ணுங்ககிட்ட அதிகம் இருக்கிற அம்சம்னு இடம் இடமாப் பிரிச்சுட்டு, ஒவ்வொரு ஆள் மூளையையும் பாத்தா, பூராவும் ஆண் பக்கமோ பூராவும் பெண் பக்கமோ இருக்கிற மூளை நூத்துக்குப் பத்து கூடத் தேறலை. மத்ததெல்லாம் கதம்பம்: கொஞ்சம் மல்லி, கொஞ்சம் மரு, நடுவுல கனகாம்பரம். ஏன் அப்படி ஆகுதுன்னு உனக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கணும். ஒரு இடத்துல எஸ்ட்ராடையால், இன்னொரு இடத்துல குப்பை அள்ளுற செல்லு, வேற இடத்துல குரோமோசோம், அதுக்கும் மேல தாயோட நாக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேஸ்திரி, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு நேரத்துக்கு வேலைக்கு வர்றான்.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. 2024-ல ஸ்டான்ஃபோர்டுல வினோத் மேனன் கூட்டம், மூளை ஓடுற விதத்தைக் கம்ப்யூட்டர்ல ஊட்டி, ஆணா பெண்ணான்னு 90 சதவீதத்துக்கு மேல சரியாச் சொல்ல வச்சாங்க. தனித்தனியாப் பாத்தா கலந்து கிடக்கிறது, எல்லாத்தையும் மொத்தமாச் சேர்த்துப் பாத்தா அடையாளம் தெரியுது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். ஆணா பெண்ணான்னு சொன்ன கம்ப்யூட்டர், பாத்திரம் யார் கழுவணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. நானும் கடைசி வரைக்கும் தேடிப் பாத்தேன்.

ஹார்மோன் விஷயத்துல உனக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு. பிலிப்பைன்ஸ்ல செபுவுல 624 வாலிபர்களை வருஷக்கணக்காத் தொடர்ந்து பாத்து 2011-ல எழுதினாங்க. கல்யாணமாகி அப்பா ஆனவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நல்லா இறங்கிடுது. அதுலயும் தினம் மூணு மணி நேரத்துக்கு மேல புள்ளையைப் பாத்துக்கிறவங்களுக்கு இன்னும் குறைச்சல். ஹார்மோன் மனுசனை நடத்துதுன்னு நினைச்சோம், மனுசன் செய்யுற வேலை ஹார்மோனை நடத்துது. முதல் பிரசவத்துக்குப் பிறகு அம்மாவோட மூளையில சாம்பல் நிறப் பகுதி சில இடத்துல சுருங்கி, ரெண்டு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்குன்னு ஸ்பெயின்ல பாத்திருக்காங்க. புத்தி குறைஞ்சதாத் தெரியலை. மாறுன அளவுக்குப் புள்ளை மேல பாசம் கூடியிருந்துச்சாம். அப்ப வயித்துல விழுந்த அச்சு கடைசி வரைக்கும் அப்படியே நிக்குதுன்னு யார் சொன்னது? புள்ளையை மூணு மணி நேரம் தூக்கி வச்சுக்கிட்டா மீசை உதிர்ந்துடும்னு மட்டும் பயப்படாதே. செபுவுல யாருக்கும் உதிரலை.

வித்தியாசம் எங்க நிஜமா உதவும்னு கேட்டா, ஆஸ்பத்திரியில. மனச்சோர்வு பொம்பளைங்களுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கு. ஆட்டிசம் பையன்களுக்கு அதிகம், பார்க்கின்சனும் ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். ஏன்னு கண்டுபிடிக்க ஆண் மூளை எப்படி ஆகுது, பெண் மூளை எப்படி ஆகுதுன்னு தெரிஞ்சே ஆகணும். ஆனா நரம்பு ஆராய்ச்சியில ஒரே பாலை மட்டும் வச்சுச் செஞ்சதுல, பொட்டைக்கு ஒண்ணுன்னா கடுவனுக்கு அஞ்சரைங்கிற கணக்குல இருந்துதுன்னு 2011-ல எண்ணிச் சொன்னாங்க. பொட்டைக்கு ஹார்மோன் ஏறி இறங்கி மாறுதே, கணக்கு குழம்புமேன்னு சாக்கு. 2014-ல சுண்டெலிகளை வச்சுக் கணக்குப் பாத்தா, கடுவனை விடப் பொட்டை ஒண்ணும் அதிகமா மாறலை. அமெரிக்க அரசோட தேசிய சுகாதார நிறுவனம் 2016-ல இருந்து, ஆணு பெண்ணு ரெண்டையும் கணக்குல எடுக்காம பணம் கேக்காதேன்னு சொல்லிடுச்சு.

உதாரணத்துக்கு, ஸோல்பிடெம்னு ஒரு தூக்க மாத்திரை, மூளைக்குப் போய் வேலை பாக்குறது. 1992-ல அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பொம்பளை உடம்பு அதை மெதுவாத்தான் கழிக்குது, விடிஞ்சு வண்டி எடுக்கும்போதும் ரத்தத்துல நிக்குதுன்னு பாத்து, 2013-ல பொம்பளைக்கு 5 மில்லிகிராம்னு பாதியாக் குறைச்சாங்க. அதுக்குள்ள இருபது வருஷம் ஓடிப்போச்சு. எங்க அக்காவுக்குத் தூக்கம் வரலைன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியாமே. மாத்திரை எழுதுனா, இந்த அளவு பொம்பளைக்கும் வயசானவங்களுக்கும் சேர்த்துப் பாத்துப் போட்டதான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வா.